மசாலா ஜாடியில் வண்டு: நான்கு மாதம் நான் பட்ட பாடு

மசாலா சாமான் எல்லாம் ஒரே மாதிரி கண்ணாடி ஜாடிகளில் வரிசையாக நிற்க வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. வீடு மாறி வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் செய்தேன். அடுப்புக்கு நேர் மேலே இரண்டு தட்டு வைத்த திறந்த அலமாரி ஒன்று இருந்தது, பக்கத்திலேயே ஜன்னல், நல்ல வெளிச்சம். 24 ஜாடி வாங்கி, ஒரு சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பாக்கெட்டுகளை வெட்டி வெட்டிக் கொட்டினேன். ஜாடி ஒவ்வொன்றும் அரைக் கிலோ பிடிக்கும். பாதி ஜாடி காலியாகத் தெரிந்தால் நன்றாக இல்லையே என்று மிளகாய்த்தூள், மல்லித்தூள், சீரகம், சோம்பு எல்லாவற்றையும் கூடுதலாக வாங்கி விளிம்பு வரை நிரப்பினேன். வீட்டில் ஏற்கெனவே இருந்த பழைய சாமானை அடியில் போட்டு, அதற்கு மேல் புதியதைக் கொட்டினேன். காலி பாக்கெட்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டு, அன்றைக்கு ராத்திரி அந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன், அவ்வளவு சந்தோஷம்.

அந்த இரண்டு நாளில் நான் செய்த ஒவ்வொரு காரியமும் தவறு என்பது அடுத்த நான்கு மாதத்தில் ஒன்றன் பின் ஒன்றாகத் தெரிந்தது. கடைசியில் ஒரு மாத மளிகைச் செலவுக்குக் குறையாத சாமான் குப்பைக்குப் போனது. ஏழெட்டு விடுமுறை நாள் சமையலறையைக் கழுவித் துடைப்பதிலேயே கழிந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கண்ணில் பட்டது நிறம். இரண்டாவது மாதம் மிளகாய்த்தூள் ஜாடியைத் துடைக்க எடுத்துத் திருப்பினால், ஜன்னல் பக்கம் பார்த்திருந்த பாதி வெளிறிப்போய் செங்கல் பொடி மாதிரி இருந்தது, சுவர்ப் பக்கம் இருந்த பாதி வாங்கிய நாளில் இருந்த அதே சிவப்பு. ஒரே ஜாடிக்குள் இரண்டு நிறம், நடுவில் கோடு போட்டது போல. மிளகாய்க்குச் சிவப்பைத் தருகிற நிறமிகள் வெளிச்சமும் காற்றும் பட்டால் சிதைந்துவிடும், மஞ்சளில் உள்ள குர்க்குமினும் அப்படித்தான். மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் கூட வெளிச்சத்தில் காரம் குறைந்த வேறொரு வடிவத்துக்கு மாறிவிடும். ஆக, கண்ணாடி ஜாடி தப்பில்லை, அதை வெளிச்சத்தில் வைத்ததுதான் தப்பு. மூடிய அலமாரிக்குள்ளோ இழுப்பறைக்குள்ளோ வைப்பதாக இருந்தால் கண்ணாடியைப் போல நல்ல பாத்திரம் கிடையாது, வாசனையை உறிஞ்சாது, கழுவினால் முழுசாகச் சுத்தமாகும். திறந்த தட்டில்தான் வைத்தாக வேண்டும் என்றால் எவர்சில்வர் டப்பாவுக்குப் போய்விடுங்கள்.

அப்புறம் வாசனை. சமைத்தால் ஏதோ குறைகிறது என்று தெரியும், எது என்று பிடிபடாது, நான் பாட்டுக்கு ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டி போட்டுக்கொண்டிருந்தேன். கிராம்பில் யூஜினால், பட்டையில் சின்னமால்டிஹைடு, சோம்பில் அனித்தோல் என்று ஒவ்வொன்றின் மணத்துக்கும் காரணம் அதிலுள்ள ஆவியாகும் எண்ணெய்தான். முழுசாக இருக்கும்வரை அந்த எண்ணெய் உள்ளே பத்திரமாக இருக்கும். பொடித்த நிமிடத்திலிருந்து அது வெளியேறத் தொடங்கிவிடும், அடுப்பு மேல் சூட்டில் வைத்தால் இன்னும் வேகமாக. முழு மசாலா நன்றாக மூடி வைத்தால் 3, 4 வருடம் தாங்கும், பொடி 2, 3 வருடம் என்று பொதுவாகச் சொல்வார்கள். காய்ந்த இலை வகை 1 வருடத்திலிருந்து 3 வருடம். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் குளிர்ந்த, இருட்டான, ஈரமில்லாத இடத்துக்கு. என் அனுபவத்தில், அடிக்கடி திறந்து மூடுகிற பொடிக்கு ஆறு மாதம் என்று வைத்துக்கொள்வதுதான் நல்லது. சந்தேகம் வந்தால் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை போட்டுத் தேய்த்து மோந்து பாருங்கள். மூக்கை ஒட்டி வைத்தும் மணம் வரவில்லை என்றால் அதை வைத்துக்கொண்டு பயனில்லை. உடம்புக்குக் கெடுதல் என்று இல்லை, வெறும் தூசியைச் சமையலில் போடுகிறோம், அவ்வளவுதான்.

மூன்றாவது மாதம் கட்டி தட்டத் தொடங்கியது. கொதிக்கிற பாத்திரத்துக்கு மேலே ஜாடியைச் சாய்த்து நேராகத் தட்டிவிடும் பழக்கம் எனக்கு. ஒவ்வொரு முறையும் ஆவி உள்ளே போயிருக்கிறது. ஈரக் கரண்டியும் சில நாள் போயிருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். மல்லித்தூள் பாறையாக இறுகியது, கத்தியால் குத்தி உடைத்துப் பயன்படுத்தினேன். அது பரவாயில்லை. ஆனால் காய்ந்த மிளகாய் ஜாடியின் அடியில் இரண்டு மூன்று மிளகாயில் சாம்பல் பச்சையாகப் பூஞ்சை பிடித்திருந்ததைப் பார்த்தபோது, அவற்றை மட்டும் பொறுக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை வறுத்துச் சமைத்தேன். இதை நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது. மிளகாய், ஜாதிக்காய் போன்றவற்றில் வரக்கூடிய சில பூஞ்சைகள் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது கல்லீரலுக்குக் கெடுதி, சமையல் சூட்டில் முழுசாக அழிவதும் இல்லை. பூஞ்சை தெரிகிற இடத்தில் மட்டும்தான் நஞ்சு இருக்கும் என்றும் கிடையாது. பூஞ்சை பார்த்தால் ஜாடியோடு காலி செய்யுங்கள், ஒன்றிரண்டைப் பொறுக்கிக் காப்பாற்ற நினைக்காதீர்கள். தூள் போடும்போது அடுப்பிலிருந்து தள்ளி நின்று, காய்ந்த கரண்டியிலோ சின்னக் கிண்ணத்திலோ எடுத்துக்கொண்டு வந்து போடுங்கள்.

வண்டு வந்தது அதற்கும் பிறகு. ஒரு நாள் காலை மிளகாய்த்தூள் ஜாடியைத் திறக்கும்போது மூடியின் உள்பக்கத்தில் சிவந்த பழுப்பு நிறத்தில் கடுகு அளவு ஏதோ ஒட்டியிருந்தது. விதைத் துணுக்கு என்று நினைத்து விரலால் தட்டினேன், உள்ளங்கையில் விழுந்தது, அசையவில்லை. அரை நிமிடம் கழித்துக் கால்களை நீட்டி நடக்கத் தொடங்கியது. தொட்டால் செத்த மாதிரி நடிப்பது இந்த வண்டின் வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. ஜாடியைச் சாய்த்துப் பார்த்தால் தூளுக்குள் மெல்லிய சுரங்கங்கள், அடியில் வெள்ளையாகச் சின்னப் புழுக்கள். மல்லி விதையை எடுத்தால் ஊசியால் குத்தியது போல வட்டமான ஓட்டை, விரலால் அழுத்தினால் உள்ளே ஒன்றுமில்லாமல் நொறுங்கியது. நேற்று வரை அதைத்தானே சமைத்தோம் என்ற நினைப்பில் அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இது சிகரெட் பீட்டில் என்று பெயர் உள்ள வண்டு, புகையிலையையும் தின்பதால் அந்தப் பெயர். 2, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும், தலை கீழே குனிந்து முதுகு கூன் விழுந்தது போலத் தெரியும். இதைப் போலவே இன்னொன்று உண்டு, டிரக்ஸ்டோர் பீட்டில், அதன் இறக்கை மூடியில் நீளவாக்கில் கோடுகள் இருக்கும், இதற்கு வழவழப்பாக இருக்கும். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான். மிளகாய்க் காரம் இவற்றை ஒன்றும் செய்யாது. மிளகாய், மல்லி, இஞ்சி, மஞ்சள் எல்லாம் இவற்றுக்கு நல்ல தீனி. முட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, பெரும்பாலும் வாங்கும் சாமானோடேயே வந்துவிடும். அரிப்பதெல்லாம் புழுப் பருவத்தில்தான், வண்டான பிறகு பெரிதாக எதையும் தின்பதில்லை, பறந்து போய் அடுத்த இடம் பார்த்து முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வண்டாவதற்கு, வீட்டுச் சூட்டைப் பொறுத்து, ஏறக்குறைய ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதம் ஆகும். அதனால்தான் வாங்கியவுடன் ஒன்றும் தெரியாமல் இருந்து, மூன்றாம் மாத முடிவில் மொத்தமாக வெளியே வருகிறது. கடிக்காது, அதைத் தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் நோய் வரும் என்றும் இல்லை. எனக்கு அந்த நேரத்தில் இதை யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

வண்டு தெரிந்த நான்கு ஜாடியை மட்டும் கொட்டினேன். மிச்சத்தைச் சலித்து, வெயிலில் காயவைத்து, அதே ஜாடியில் திரும்பப் போட்டேன். பிரிஞ்சி இலையும் கிராம்பும் போட்டு வைத்தால் வராது என்று எங்கோ படித்து, அதையும் எல்லா ஜாடியிலும் போட்டேன். என் வீட்டில் அது வேலை செய்யவே இல்லை. இரண்டு வாரத்தில் சோம்பு ஜாடியில், அதற்குப் பத்து நாள் கழித்து இஞ்சிப் பொடியில். ராத்திரி விளக்கைப் போட்டால் ஜன்னல் கண்ணாடியில் இரண்டு மூன்று உட்கார்ந்திருக்கும். பூச்சி மருந்து அடித்துவிடலாம் என்று டப்பாவைக் கையில் எடுத்துவிட்டு, சாப்பிடும் சாமான் வைக்கும் இடமாயிற்றே என்று கீழே வைத்தேன். அந்த ஒன்றையாவது சரியாகச் செய்தேன். ஒன்றரை மாதம் இப்படியே போயிற்று. வீட்டுக்கு யாரையும் சாப்பிடக் கூப்பிடவில்லை. சமையலறையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களே என்ற பயம்தான். சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எவ்வளவு துடைத்தாலும் சாமானோடு வரும் முட்டையை என்ன செய்ய முடியும்?

கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் அக்கா வந்து நின்றாள். மறைக்க நேரமில்லை. சீரக ஜாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது எப்ப வாங்கினது?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. "சரி, இதுல எது பழசு, எது புதுசு?" அதுவும் தெரியவில்லை. "பாக்கெட்டு எங்க? தேதி பார்ப்போம்." அதைத்தான் முதல் நாளே குப்பையில் போட்டேனே. அக்கா திட்டவில்லை. "பழசு மேல புதுசைக் கொட்டினா, அடியில இருக்கிறது என்னிக்கும் அடியிலதான் இருக்கும்" என்றாள். "எல்லாத்தையும் எடு, ஒண்ணு விடாம எடு." எனக்கு அழுகை வந்துவிட்டது. வண்டுக்காக இல்லை, இத்தனை நாள் தனியாக இதை வைத்துக்கொண்டு திண்டாடியதற்காக.

அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து காலி செய்தோம். மூலம் எங்கே என்று தேடிக் கண்டுபிடிக்காத வரை இது நிற்காது. மசாலா அலமாரியை மட்டும் பார்த்ததுதான் என் தவறு. மேல் பரணில், நான் மறந்தே போன ஒரு காய்ந்த மிளகாய்ப் பை இருந்தது, அதில் மிளகாய் வடிவத்தில் வெறும் தோல்தான் மிச்சம். பிளாஸ்டிக் பையிலேயே சின்னச் சின்ன ஓட்டைகள், இவை மெல்லிய பையையும் காகிதத்தையும் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். உங்கள் வீட்டிலும் தேடுவதாக இருந்தால் மாவு, பருப்பு, டீத்தூள், பிஸ்கட், நாய் பூனைக்கு வாங்கிய காய்ந்த தீனி, அலங்காரத்துக்கு வைத்த காய்ந்த பூ வரைக்கும் பாருங்கள். தட்டில் விரித்த காகிதத்தைத் தூக்கினால் அடியில் சிந்திய தூளில் புழு இருந்தது. ஆணி, திருகு போட்ட ஓட்டைகளிலும், தட்டும் சுவரும் சேரும் இடுக்குகளிலும் இருந்தது. வேக்வம் கிளீனரின் மெல்லிய மூக்கை வைத்து உறிஞ்சி, அந்தப் பையை உடனே கட்டி வெளியே போட்டோம். பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு நன்றாகக் காயவிட்டோம். ஈரத்தோடு சாமானைத் திரும்ப அடுக்கினால் பூஞ்சைக்கு வழி விட்டது போலாகும்.

வண்டு தெரியாத, ஆனால் சந்தேகமான சில விலை உயர்ந்த சாமான்கள் இருந்தன, ஏலக்காய், ஜாதிபத்திரி போல. அவற்றை இறுக்கமான பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தோம். மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம் இருந்தால் முட்டை, புழு, வண்டு எல்லாம் செத்துவிடும். பெரிய மூட்டையாக வைத்தால் நடுவில் குளிர் போய்ச் சேர நாளாகும், அதனால் சின்னச் சின்னப் பையாகப் பிரித்து வையுங்கள். வெளியே எடுத்ததும் திறந்துவிடாதீர்கள், அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும், இல்லையென்றால் காற்றிலுள்ள ஈரம் உள்ளே நீராகப் படியும். இப்போது முழு மசாலா எது வாங்கினாலும் முதல் ஒரு வாரம் ஃப்ரீசரில்தான். அந்த ஒரு பழக்கத்தை முதலிலேயே வைத்துக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது. வண்டுக்கான ஒட்டும் பொறி என்று விற்கிறார்கள், பெண் வண்டின் வாசனையை வைத்து ஆண் வண்டை இழுக்கும். அது வண்டை ஒழிக்காது, இன்னும் இருக்கிறதா இல்லையா என்று காட்டும். நான் மூன்று மாதம் வைத்திருந்தேன். கடைசி ஐந்து வாரம் அதில் எதுவும் ஒட்டவில்லை என்ற பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

திரும்ப அடுக்கும்போது அடுப்பு மேல் அலமாரியை விட்டுவிட்டேன். அடுப்பு, ஓவன், ஃப்ரிட்ஜின் சூடான பக்கம், பாத்திரம் கழுவும் தொட்டி, இந்த நான்குக்கும் தள்ளி இருக்கிற ஒரு இழுப்பறையைப் பிடித்தேன். இழுப்பறையில் வைத்தால் பெயரை மூடியின் மேல் எழுத வேண்டும், பக்கத்தில் எழுதினால் ஒவ்வொன்றாகத் தூக்கித்தான் பார்க்க வேண்டியிருக்கும். அலமாரித் தட்டு என்றால் முன்பக்கம். பெயரோடு இரண்டு தேதி எழுதுகிறேன், வாங்கிய தேதி, பாக்கெட்டில் போட்டிருக்கும் கடைசித் தேதி. பெரிய ஜாடிகளை எல்லாம் பருப்புக்குக் கொடுத்துவிட்டு 100 கிராம் பிடிக்கும் சின்ன ஜாடிகளுக்கு வந்துவிட்டேன். ஜாடி பெரிதாக இருந்தால் பாதி தீர்ந்த பிறகு மிச்ச இடம் முழுக்கக் காற்றுதான், அந்தக் காற்றே மணத்தைக் கொண்டுபோய்விடும். ஜாடி முழுசாகக் காலியாகி, கழுவி, காய்ந்த பிறகுதான் அடுத்த பாக்கெட்டை அதில் கொட்டுவேன், அவசரமென்றால் பாக்கெட்டைக் கிளிப் போட்டு வைத்துக்கொள்வேன், பழையதன் மேல் மட்டும் கொட்டுவதில்லை. அஞ்சறைப்பெட்டி வைத்திருப்பவர்கள் அதை விட்டுவிட வேண்டியதில்லை, கைக்கு வசதி. ஒரு மூடியைத் திறந்தால் எல்லாமே திறக்கிறது என்பதால், அதில் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் போட்டு, மிச்சத்தைத் தனித்தனியாக இறுக்கி மூடி வையுங்கள். எண்ணெய்ச் சத்து நிறைய உள்ள எள், கசகசா போன்றவை வெளியே இருந்தால் சிக்கு வாடை அடித்துவிடும், ஃப்ரிட்ஜில் வைப்பது நல்லது. பெருங்காயத்தை டப்பாவுக்குள் டப்பா என்று வைத்தேன், அதற்குப் பிறகுதான் ஏலக்காய் ஏலக்காயாக மணக்கிறது.

பச்சை இலை விஷயத்திலும் நிறைய வீணாக்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கொத்தமல்லி, புதினா, பார்ஸ்லி எல்லாம் குளிர்ச்சியை விரும்பும். காம்பை நறுக்கி ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி, மேலே பையைத் தளர்வாகக் கவிழ்த்து ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். திருநீற்றுப்பச்சிலையை, அதாவது கடையில் பேசில் என்று விற்பதை, அதே மாதிரி வைத்தேன், இரண்டே நாளில் இலை கறுத்துவிட்டது. அதற்குக் குளிர் ஆகாது, தண்ணீரில் நிறுத்தி வெளியேதான் வைக்க வேண்டும். காயவைப்பதிலும் வித்தியாசம் உண்டு. ரோஸ்மேரி, தைம், ஓரிகானோ மாதிரி கெட்டியான இலைகள் காய்ந்தாலும் மணக்கும். கொத்தமல்லி காய்ந்தால் வைக்கோல் மாதிரிதான், அதை நறுக்கிக் கொஞ்சம் தண்ணீரோடு ஐஸ் தட்டில் உறையவைத்துவிடுகிறேன். ஒன்று மட்டும் கவனமாக இருங்கள்: பூண்டையோ பச்சை இலையையோ எண்ணெயில் ஊறவைத்து வெளியே வைக்காதீர்கள். காற்றும் புளிப்பும் இல்லாத அந்த எண்ணெய்க்குள் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி வளர்ந்து உயிருக்கே ஆபத்தான நஞ்சை உண்டாக்கலாம், மணத்திலும் ருசியிலும் எதுவும் தெரியாது. செய்தால் ஃப்ரிட்ஜில் வைத்து 4 நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும், அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃப்ரீசர்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இழுப்பறையை வெளியே இழுத்து, ஒவ்வொரு ஜாடியையும் வெளிச்சத்தில் ஒரு முறை சாய்த்துப் பார்த்து, தேதியைப் படித்து, தீரப்போவதை முன்வரிசைக்குக் கொண்டுவருகிறேன். மொத்தம் 14 ஜாடி. இருபது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அக்கா சாப்பிட வந்திருந்தாள். மல்லித்தூள் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, எனக்குக் கொஞ்சம் கட்டிக் கொடு என்றாள்.